சோலார் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மலிவான கேபிள்

சோலார் இன்வெர்ட்டரையோ சார்ஜ் கன்ட்ரோலரையோ சுவரில் மாட்டிய பிறகு குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. பேனலிலிருந்து வரும் வயருக்கும் பேட்டரி வயருக்கும் பக்கத்தில், பெரும்பாலான பெட்டிகளில் ரப்பர் மூடி போட்ட சின்ன வாய் ஒன்று இருக்கும். அந்த மூடி வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படாமலே கிடக்கும். அன்றைக்குப் பேனல் எவ்வளவு மின்சாரம் தந்தது, பேட்டரி எந்த அளவு வரை இறங்கியது, எப்போது என்ன பிழை காட்டியது என்ற கணக்கெல்லாம் வெளியே வருகிற வழி அதுதான். அந்த வாயைக் கணினியோடு இணைக்கத் தேவையான கேபிளும் அடாப்டரும் பல நேரங்களில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எதை வாங்குவது, எதை எதில் செருகுவது, எங்கே கை வைக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, ரெட்டியார்சத்திரத்தை அடுத்து மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே சோலார் பல வடிவங்களில் வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்துக் கிணற்றில் சோலார் பம்ப், வீட்டு மாடியில் பேனல், மின்தடைக்காக வாங்கிய சோலார் இன்வெர்ட்டர், மலையிலிருந்து இறங்கும் யானைக்காகப் போட்ட சோலார் வேலி. வேலிப் பெட்டியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் கணினிக்கான வாய் பொதுவாக இருக்காது. அதன் வெளிக்கம்பியில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு. மற்ற மூன்றிலும் விஷயம் இருக்கிறது.

சோலாரும் கணினியும் சேர்ந்து கிராமத்துக்கு வந்த கதை தமிழ் மண்ணில் கால் நூற்றாண்டுக்கு மேல் பழையது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, நம்ப முடியாத மின்சாரத்துக்கு மாற்றாகச் சோலார் பேனலை வைத்துத்தான் கணினிகளை ஓட்டியது. அதே நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து 2004-ல் செயற்கைக்கோள் இணைப்போடு கிராம வள மையங்களைத் திறந்தபோது, முதலில் வந்த இடங்களில் ஒன்று கன்னிவாடியிலிருந்து அதிக தூரமில்லாத செம்பட்டி. அன்று சோலார் கணினிக்கு மின்சாரம் கொடுத்தது. இன்று சோலார் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் படிப்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெட்டியின் திரையிலேயே எண்கள் தெரிகின்றனவே, எதற்குக் கேபிள் என்று கேட்கலாம். திரை காட்டுவது இந்த நொடியை மட்டும். பேட்டரி கெடுவது ஒரு நொடியில் நடப்பதில்லை. ஈய அமில பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இருக்கும் டியூபுலர் பேட்டரி அதுதான். 12 வோல்ட் பேட்டரியை 14.4 வோல்ட் வரை ஏற்றலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சூடு ஒரு டிகிரி கூடினால் ஒரு செல்லுக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை மாதம் தகரக் கூரைக்கடியில் 40 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு ஆறு செல்லுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 0.27 வோல்ட் குறைய வேண்டும், அதாவது 14.13-ல் நிற்க வேண்டும். வெப்பத்தை அளக்கும் சென்சார் வயர் மாட்டப்படாத கன்ட்ரோலருக்கு இது தெரியாது. அது நாள்தோறும் 14.4-க்கே ஏற்றும், தண்ணீர் சீக்கிரம் வற்றும், வாரண்டி முடிகிற நேரத்தில் பேட்டரியும் முடியும். கேபிள் போட்டுப் பத்து நாள் பதிவைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அதே கேபிள் வழியாக அளவை மாற்றவும் பல கன்ட்ரோலர்களில் வசதி உண்டு. பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் கேபிளின் விலை ஒன்றுமே இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பேனல் குறைவாகத் தருகிறது என்று விற்றவரிடம் வாயால் சொன்னால், மேகமாக இருந்திருக்கும் என்பார். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு மேல் பேனல் வோல்டேஜ் பாதியாக இறங்கிய பதிவைக் காட்டினால், பக்கத்துத் தென்னையின் நிழலா, பேனலில் கோளாறா என்று பேச்சு வேலையை நோக்கித் திரும்பும்.

வாயின் உருவத்தை நம்பாதீர்கள்

இந்த விஷயத்தில் பணம் வீணாகும் முதல் இடம், வாயின் வடிவத்தைப் பார்த்துக் கேபிள் வாங்குவது. பல சார்ஜ் கன்ட்ரோலர்களிலும் இன்வெர்ட்டர்களிலும் இருப்பது ஆர்.ஜே-45 வாய். இன்டர்நெட் கேபிளின் முனை அச்சுப் பிசகாமல் அதில் பொருந்தும். ஆனால் உள்ளே நெட்வொர்க் இல்லை. எட்டுக் கால்களைக் கொண்ட மலிவான, எங்கும் கிடைக்கிற முனை என்பதற்காக மட்டும் தயாரிப்பாளர் அதைத் தேர்ந்திருக்கிறார். சாதாரண லேன் கேபிளால் அதை லேப்டாப்பின் லேன் வாயோடு இணைத்தால் ஒன்றும் வராது. சில பெட்டிகளில் அந்தக் கால்களில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ பவரும் வருவதால், எதையாவது கெடுக்கவும் கூடும். இன்னும் சில இன்வெர்ட்டர்களில் வைஃபை குச்சி செருகும் வாய் பார்ப்பதற்கு யு.எஸ்.பி. போலவே இருக்கும்; உள்ளே ஓடுவது யு.எஸ்.பி. அல்ல.

ஆகவே வடிவத்தை விட்டுவிட்டு, அந்தக் கால்களில் ஓடும் சிக்னல் எந்த வகை என்று கேட்க வேண்டும். சோலார் பெட்டிகளில் மூன்று வகைதான் பெரும்பாலும் வரும்.

முதலாவது ஆர்.எஸ்-232. 1960-ல் வந்த பழைய தரம். அனுப்ப ஒரு வயர், வாங்க ஒரு வயர், பொதுத் தரை ஒரு வயர், ஆக மூன்று போதும். சும்மா இருக்கும்போது அனுப்பும் வயர் தரையை ஒப்பிட்டு மைனஸ் பக்கம் நிற்கும். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை வழக்கமாகக் காணலாம். தூரம் சுமார் 15 மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது.

இரண்டாவது டி.டி.எல். பெட்டிக்குள் இருக்கும் சிப்பிலிருந்து நேராக வெளியே வரும் சிக்னல். சும்மா இருக்கும்போது ப்ளஸ் 3.3 அல்லது ப்ளஸ் 5 வோல்ட்டில் நிற்கும். ஒன்றிரண்டு மீட்டர்தான் இதன் வீச்சு. இதில் ஆர்.எஸ்-232 அடாப்டரைக் கொண்டுபோய் மாட்டினால், அடாப்டரிலிருந்து வரும் மைனஸ் வோல்டேஜ் கன்ட்ரோலரின் சிப்பைச் சாகடித்துவிடலாம். மூன்று வகைகளையும் குழப்பிக்கொள்வதில் மிக மோசமான குழப்பம் இதுதான்.

மூன்றாவது ஆர்.எஸ்-485. 1983-ல் வந்தது. தோட்டத்துக்கு ஏற்றது இதுவே. ஏ, பி என்று இரண்டு வயர். தரையை ஒப்பிட்டு அல்லாமல், இந்த இரண்டு வயர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துச் செய்தி போகிறது. மோட்டார் ஓடும்போது வரும் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறுவதால் வித்தியாசம் மாறாது, செய்தி கெடாது. இரண்டையும் முறுக்கி எடுத்துச் சென்றால், வேகம் குறைவாக இருக்கும்போது 1,200 மீட்டர் வரை போகும் என்பது தரத்தின் கணக்கு. கிணற்று மேட்டிலிருந்து வீட்டுக்கு இது தாராளம்.

எந்த வகை என்று பெட்டியின் கையேட்டில் பார்ப்பது நல்லது. கையேடு இல்லையென்றால் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும் மல்டிமீட்டர் ஓரளவு சொல்லிவிடும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக் கறுப்பு முனையை வாயின் தரைக் காலிலும் சிவப்பு முனையை மற்ற கால்களிலும் தொட்டுப் பாருங்கள். எங்காவது மைனஸ் 5-க்குக் கீழே காட்டினால் ஆர்.எஸ்-232. ப்ளஸ் 3.3 அல்லது 5 காட்டினால் டி.டி.எல். ஆக இருக்கலாம், பவர் காலாகவும் இருக்கலாம்; அதை மட்டும் விற்றவரிடமோ நிறுவனத்திடமோ கேட்டே முடிவு செய்யுங்கள். இரண்டு கால்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய வோல்டேஜில் நின்றால் ஆர்.எஸ்-485 என்று கருத இடமுண்டு. அளக்கும்போது மீட்டர் முனை ஒரே நேரத்தில் இரண்டு கால்களில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி, எட்டு வயர் வெளியே தெரியும்படி வெட்டிய லேன் கேபிளைச் செருகி, வயர் முனைகளைத் தனித்தனியாக விரித்து வைத்து அளப்பது.

மூன்று பெட்டிகள், மூன்று கேபிள்கள்

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் கை ஓடாது. சந்தையில் நிறையக் கிடைக்கும் மூன்றைச் சொல்கிறேன்.

ஈபெவர் நிறுவனத்தின் டிரேசர் வரிசைக் கன்ட்ரோலர்களில் ஆர்.ஜே-45 வாய்க்குள் இருப்பது ஆர்.எஸ்-485. கால் 1, 2 பவர். 3, 4 என்பது பி. 5, 6 என்பது ஏ. 7, 8 தரை. இதில் ஒரு நல்ல வசதி அமைந்திருக்கிறது. லேன் கேபிளை எந்த முறையில் கிரிம்ப் செய்திருந்தாலும் 4-ம் காலுக்கு நீலமும், 5-ம் காலுக்கு வெள்ளை-நீலமும், 8-ம் காலுக்குப் பழுப்பும்தான் வரும். நீலமும் வெள்ளை-நீலமும் கேபிளுக்குள் ஏற்கெனவே ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஜோடி. ஆர்.எஸ்-485-க்கு வேண்டியதும் அதுவே. ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய லேன் கேபிளின் ஒரு முனையை வெட்டி, வெள்ளை-நீலத்தை அடாப்டரின் ஏ திருகிலும், நீலத்தை பி திருகிலும், தரைத் திருகு இருந்தால் பழுப்பை அதிலும் இறுக்கினால் கேபிள் தயார். மிச்சமுள்ள வயர்களை ஒவ்வொன்றாக டேப் சுற்றி மூடிவிட வேண்டும். 1, 2-ம் கால் வயர்களில் பவர் வருகிறது. அவை தரை வயரோடு தொடக் கூடாது. மறுமுனையில் தேவைப்படுவது யு.எஸ்.பி-ஆர்.எஸ்-485 அடாப்டர். கட்டைவிரல் அளவில், இரண்டு மூன்று திருகுகளோடு இணையக் கடைகளில் சுமார் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வரச் சொல்லலாம்.

அடுத்தது, ஆக்ஸ்பெர்ட் வகை ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள். தைவானின் வோல்ட்ரானிக் பவர் வடிவமைத்தது. வெவ்வேறு பெயர்ப் பட்டைகளோடு பல நாடுகளில் விற்கிறது. வாய் இதிலும் ஆர்.ஜே-45 தான், ஆனால் சிக்னல் ஆர்.எஸ்-232. கால் 1, கால் 2, கால் 8 ஆகிய மூன்று மட்டும் போதும். அவை முறையே ஒன்பது கால் சீரியல் முனையின் 2, 3, 5-க்குப் போகும். வேகம் 2400 பாட். கணினியிலிருந்து கியூ.பி.ஐ.ஜி.எஸ். என்ற கட்டளையைச் சரிபார்ப்பு எழுத்துகளோடு அனுப்பினால், பேட்டரி வோல்டேஜ், லோடு, பேனல் கரன்ட் எல்லாம் ஒரே வரியில் திரும்பி வரும். ஈபெவருக்குச் செய்த கேபிளை இதில் செருகக் கூடாது, இதன் கேபிளை அதில் செருகக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொரு கேபிளிலும் அது எந்தப் பெட்டிக்கு உரியது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது விக்ட்ரான். விலை அதிகம், நம் ஊர்ப் பக்கம் குறைவாகத்தான் காணலாம். ஆனால் கணினியோடு சேர்வதில் அதன் பண்பு நல்லது என்பதால் சொல்கிறேன். வி.இ.டைரக்ட் என்ற நான்கு கால் சின்ன வாய், டி.டி.எல். சிக்னல், 19200 பாட். யாரும் கேட்காமலே நொடிக்கு ஒருமுறை எல்லா எண்களையும் எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பேசும் மொழியின் இலக்கணத்தையும் அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் தரையும் அனுப்பும் காலும் போதும்; இரண்டே வயர். கன்ட்ரோலர் 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற யு.எஸ்.பி-டி.டி.எல். அடாப்டர் வாங்க வேண்டும்.

எல்லா நிறுவனமும் இப்படி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் பெட்டியின் கணக்கைப் படிக்க உரிமை இருக்கிறது. கால்களின் வரிசையைக் கையேட்டின் ஒரு பக்கத்தில் அச்சிட எந்தச் செலவும் இல்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: தொடர்பு வாய் என்ன வகை, கால் வரிசை கையேட்டில் இருக்கிறதா?

மலிவில் எது நல்லது, எது ஆபத்து

யு.எஸ்.பி. அடாப்டரின் உயிர் அதற்குள் இருக்கும் சிப். எஃப்.டி.டி.ஐ., ப்ராலிஃபிக், சி.எச்-340, சி.பி-2102 என்று நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். எஃப்.டி.டி.ஐ. பெயர் பெற்றது, அதனாலேயே போலிகளும் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிப் பயன்படாமல் செய்தது. அசல் என்று நம்பி வாங்கியவர்களின் அடாப்டர்கள் ஒரே நாளில் ஊமையாயின; உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்து அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். ப்ராலிஃபிக்கின் பழைய சிப்களையும் அவற்றின் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்தான் தெரியும். இந்தப் பின்னணியில், முந்நூறு ரூபாய்க்கு எஃப்.டி.டி.ஐ. என்று எழுதி விற்பதை வாங்குவதைவிட, இருநூறு ரூபாய்க்கு சி.எச்-340 என்று ஒளிக்காமல் எழுதி விற்பதை வாங்குவது மேல். சி.எச்-340 என்பது சீனாவின் நாஞ்சிங்கில் உள்ள நிறுவனத்தின் சிப். சோலார் கன்ட்ரோலர் பேசும் வேகத்துக்கு அது தடுமாறுவதில்லை.

கணினிக்குப் புதிதாகச் செலவு வேண்டியதில்லை. 2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டிருந்தார்கள். மேலே சொன்ன நான்கு சிப்களுக்கும் வேண்டிய டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அடாப்டரைச் செருகியதும் அடையாளம் கண்டுகொள்ளும். பேட்டரி உப்பிப் போகாமல், யு.எஸ்.பி. வாய் நன்றாக இருந்தால் அந்தப் பழைய லேப்டாப்பே இந்த வேலைக்குப் போதும். ஓ.டி.ஜி. கேபிள் வழியாகக் கைப்பேசியிலும் படிக்கலாம். ஆனால் நாள் முழுக்கப் பதிவு எடுக்க லேப்டாப்தான் வசதி.

தூரத்துக்குக் கேபிள் இழுக்கும்போது எந்தப் பக்கத்தை நீட்டுவது என்ற கேள்வி வரும். யு.எஸ்.பி. பக்கத்தை ஐந்து மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். அடாப்டரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, ஆர்.எஸ்-485 பக்கத்தை முறுக்கு வயரில் நீட்டுங்கள். நூறு மீட்டரைத் தாண்டினால் வயரின் இரு கடைசியிலும் ஏ, பி இடையே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைப்பது வழக்கம்; ஒன்றிரண்டு ரூபாய்ப் பொருள். ஏ, பி என்ற பெயரைச் சில நிறுவனங்கள் மாற்றி அச்சிடுகின்றன. இடம் மாறினால் எதுவும் எரியாது, பதில் வராது அவ்வளவுதான். ஆகவே பதில் வராதபோது முதலில் செய்ய வேண்டியது அந்த இரண்டு வயரை இடம் மாற்றிப் பார்ப்பது.

மலிவு கூடாத இடம் ஒன்று உண்டு. பேனல்களை இணைக்கும் எம்.சி-4 முனைகள். அவற்றில் ஓடுவது செய்தி அல்ல, முழு மின்சாரம். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த வோல்டேஜ் சுமார் 49. ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட் டி.சி. வந்துவிடும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு, டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை, பொறி இழுத்துக்கொண்டே எரியும். வேறு வேறு நிறுவனத்தின் முனைகளைக் கலந்து மாட்டுவது, விலை குறைந்த போலியை மாட்டுவது இரண்டும் தீயை அழைப்பது போன்றவை. கணினிக் கேபிளில் மிச்சம் பிடியுங்கள், பேனல் கேபிளில் ஒருபோதும் வேண்டாம். கணினிக் கேபிளைச் செருகும் நேரத்தில் பெட்டியின் பவர் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. திறந்தால்தான் வாய் தெரியும் என்றால் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அதே அளவு கவனம் வேண்டிய இன்னொன்று, தரை இணைப்பு. மூன்று முள் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் மைனஸ் பல நேரங்களில் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும். சார்ஜ் கன்ட்ரோலர்களில், குறிப்பாக விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகையில், ப்ளஸ் பக்கத்தைப் பொதுவாக வைத்து மைனஸ் பக்கத்தில் சுவிட்ச் செய்பவை உண்டு. அதன் தொடர்பு வாயின் தரையும் பேட்டரியின் மைனஸும் எர்த்தும் ஒரே நிலையில் இல்லாதபோது, உங்கள் மெல்லிய கணினிக் கேபிள் வழியாகப் பெரிய கரன்ட் பாயப் பார்க்கும். லேப்டாப்பின் யு.எஸ்.பி. வாய் போய்விடும், கன்ட்ரோலரும் போகலாம். இதைத் தவிர்க்க முதல் தடவை இணைக்கும்போது லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி அதன் சொந்த பேட்டரியில் ஓட்டுங்கள். நாள் கணக்கில் இணைத்தே வைக்கப் போகிறீர்கள் என்றால், மின் பிரிப்பு உள்ள அடாப்டரைச் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். அதில் யு.எஸ்.பி. பக்கத்துக்கும் வயர் பக்கத்துக்கும் நேரடி உலோகத் தொடர்பு இருக்காது. ஐப்பசியில் மாலை நேர இடி மின்னல் மலைப்பக்கமிருந்து வரும் ஊர் இது. தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வெளியில் இழுத்த வயர் மின்னல் தாக்கத்தைச் சுமந்து வரும். வேலை முடிந்ததும் கணினிப் பக்க முனையைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மானியப் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு

2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் தனித்து இயங்கும் சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் தருகின்றன. தமிழகத்தில் வேளாண் பொறியியல் துறை இதை நடத்துகிறது. இந்தப் பம்புகளின் கன்ட்ரோலரோடு தொலைக் கண்காணிப்புக் கருவி ஒன்றும் வரும். சிம் கார்டு போட்ட அந்தப் பெட்டி, பம்ப் ஓடிய நேரம், பேனல் தந்த மின்சாரம் போன்றவற்றைச் சர்வருக்கு அனுப்புகிறது. கன்ட்ரோலரும் அந்தக் கருவியும் ஆர்.எஸ்-485 வழியாக மோட்பஸ் மொழியில் பேச வேண்டும் என்று மத்திய அரசின் தொழில்நுட்ப விதியே சொல்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்தக் கன்ட்ரோலரோடும் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல விதி.

மோட்பஸ் 1979-ல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைக்காக உருவாக்கியது. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுப்பது போல அது நடக்கும். ஆசிரியர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்குரிய பிள்ளை மட்டும் பதில் சொல்லும். மற்றவை வாய் திறக்காது. குசும் பம்பில் அந்த ஆசிரியர் கண்காணிப்புக் கருவி. நீங்கள் லேப்டாப்பை அதே இரண்டு வயரில் சேர்த்துக் கேள்வி கேட்டால் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் கத்துவது போலாகும்; இரண்டு பேருக்கும் பதில் குழம்பும். பம்ப் தவறாக ஓடும் என்பதில்லை, ஆனால் அலுவலகத்துக்குப் போக வேண்டிய பதிவு கெடும். மேலும் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும் பெட்டியின் சீலை உடைத்தால், பழுது வரும்போது நிறுவனம் அதையே காரணமாகச் சொல்லும். ஆகவே அந்தப் பம்பில் கேபிள் வேலை வேண்டாம். அதற்குப் பதில், கருவியின் பதிவை நீங்களே பார்க்கும் கைப்பேசிச் செயலியையும் நுழைவுச் சொல்லையும் பம்ப் போட வருகிறவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

மாடிப் பேனலுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். 2024-ல் தொடங்கிய பி.எம். சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் கிரிட் இன்வெர்ட்டர்கள் பெருகிவிட்டன. அவை வைஃபை குச்சி வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குக் கணக்கை அனுப்பி, அங்கிருந்து உங்கள் கைப்பேசிக்குத் தருகின்றன. இணையம் போனாலோ நிறுவனம் கடையை மூடினாலோ அந்தத் திரை வெறுமையாகிவிடும். இன்வெர்ட்டரில் தனியாக ஆர்.எஸ்-485 வாய் இருந்து, அது மீட்டரோடு இணைக்கப்படாமல் காலியாக இருந்தால், வாரண்டி முடிந்த பிறகு அதில் கேபிள் போடுவது பற்றி யோசிக்கலாம்.

முதல் தடவை படிக்கும்போது

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம். ஈபெவர், ஆக்ஸ்பெர்ட் வகை, விக்ட்ரான் மூன்றுக்கும் நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. மோட்பஸ் பேசும் எந்தப் பெட்டியையும் கியூமோட்மாஸ்டர் போன்ற இலவசக் கருவியால் படிக்கலாம். பைத்தான் கொஞ்சம் தெரிந்த கல்லூரிப் பிள்ளை வீட்டில் இருந்தால் இருபது வரியில் எழுதிவிடும்.

ஈபெவரை எடுத்துக்கொண்டால், முகவரி 1, வேகம் 115200, வாசிக்கும் கட்டளை 4. பதினாறடிமான எண்ணில் 3100 என்ற இடத்தில் பேனல் வோல்டேஜ், 3101-ல் பேனல் கரன்ட், 3104-ல் பேட்டரி வோல்டேஜ் இருக்கும். வருகிற எண்ணை நூறால் வகுக்க வேண்டும். 1362 என்று வந்தால் 13.62 வோல்ட். முதலில் வாசிக்கும் கட்டளைகளோடு நின்றுவிடுங்கள். எழுதும் கட்டளை சார்ஜ் அளவுகளை மாற்றும். லித்தியம் பேட்டரிக்கு உரிய அளவை ஈய பேட்டரிக்கோ, 24 வோல்ட்டுக்கு உரியதை 12-க்கோ எழுதிவிட்டால் பேட்டரி பாழ். எதையும் மாற்றும் முன் இப்போதுள்ள எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் எண் வந்ததும் அதை உடனே நம்பவும் வேண்டாம். மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். கணினி 13.62 என்று சொல்லி மீட்டர் 13.6 காட்டினால் எல்லாம் சரி. அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் கேபிளில் குறையில்லை. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே உள்ள வயர் மெலிந்ததாக இருக்கும், அல்லது லக் தளர்ந்திருக்கும், அல்லது முனையில் பச்சை பூத்திருக்கும். நல்ல வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் கரன்ட் அதிகமாக இருப்பதால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பேனல் சுவிட்சை முதலிலும் பேட்டரியை அடுத்தும் பிரித்து, முனையைச் சுத்தம் செய்து இறுக்கி, பேட்டரியை முதலிலும் பேனலை அடுத்தும் மாட்டி, மறுபடி படித்துப் பாருங்கள்.